ஓம் சொன்னார், காவெண்டிஷ் சொல்லவில்லை

230 வோல்ட் மின்னழுத்தத்தில் 2 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்தால், வகுத்தால் மின்தடை 115 ஓம். பெருக்கினால் மின்திறன் 460 வாட். அந்த வகுத்தலுக்கு ஒரு வரலாறு உண்டு.

1781இல் இங்கிலாந்தின் ஹென்றி காவெண்டிஷ், மின்னோட்டத்தை அளக்கும் கருவியே இல்லாத காலத்தில், தம் உடலில் ஏற்ற மின்னதிர்ச்சிகளின் கடுமையை ஒப்பிட்டு இவ்வுறவைக் கண்டறிந்தார். குறிப்பேட்டில் எழுதி மூடிவைத்தார்.

1827இல் ஜெர்மானியரான கியோர்க் ஓம் அதைத் தாமே கண்டடைந்து நூலாக வெளியிட்டார். அவர் நாட்டு அறிவுலகம் முகங்கொடுக்கவில்லை; மனம் நொந்து கொலோன் பள்ளி ஆசிரியப் பணியைத் துறந்தார். 1841இல்தான் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் அளித்தது.

காவெண்டிஷின் குறிப்புகளை மாக்ஸ்வெல் அச்சேற்றியது 1879இல். முதலில் கண்டவர் அவரே. ஆயினும் மின்தடையின் அலகு, சொல்லிப் புறக்கணிப்பைச் சுமந்தவரின் பெயரையே தாங்கி நிற்கிறது. அது நியாயமென்றே தோன்றுகிறது.