வாசகர் மன்றில் கமலா கான்

கதையைப் படித்த பின்னரே கதைமாந்தரைப் பற்றித் தீர்ப்பு வழங்கல் வேண்டும் என்பது இலக்கிய உலகின் பழைய நியதி. அந்நியதி தலைகீழாக மாறிய சந்தர்ப்பங்களும் உள. 2013ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் மார்வல் நிறுவனம் புதிய சித்திரக்கதை ஒன்றை அறிவித்தது. அதன் நாயகி கமலா கான், வயது 16, பாகிஸ்தானிலிருந்து குடியேறி நியூ ஜேர்சி மாநிலத்து ஜேர்சி நகரில் வாழும் முஸ்லிம் பெற்றோரின் மகள். முதல் இதழ் கடைக்கு வந்தது 2014 பெப்ரவரியிலேதான். ஆயினும், ஒரு பக்கந்தானும் புரட்டப்படுமுன்னரே அவளைப் பற்றிய அபிப்பிராயங்கள் எங்கும் பரவிவிட்டன.

அவ்வபிப்பிராயங்கள் இரு திசைகளிலிருந்து எழுந்தன. பொழுதுபோக்கிலே அரசியலைப் புகுத்துகின்றனர் என்றனர் ஒரு சாரார். மற்றையோருள் முஸ்லிம்கள் பலர் இருந்தனர். இவள் பக்தியின் பதுமையாக ஆக்கப்படுவாளோ, அன்றி வீட்டையும் மார்க்கத்தையும் உதறிவிட்டே விடுதலை பெறுபவளாகக் காட்டப்படுவாளோ என்பது அவர்தம் அச்சம். கதையாசிரியை வில்லோ வில்சன் இவ்விரு எதிர்ப்புகளையும் முன்னரே எதிர்பார்த்திருந்தார். அவர் இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கப் பெண்மணி. எகிப்தில் வாழ்ந்த அனுபவமும் உடையவர்.

அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2002ஆம் ஆண்டில் இதே நிறுவனத்தின் கதையொன்றில் தோன்றிய ஆப்கானியப் பெண், உடல் முழுதும் மறைத்த கோலத்தினள். மணற்புயலாக மாறும் ஆற்றல் படைத்தவள். தூரத்திலிருந்து நோக்குவோர் கண்ணுக்குப் பட்ட முஸ்லிம் பெண் அவள். கமலாவோ வீட்டுக்குள்ளிருந்து பிறந்தவள். நியூ ஜேர்சியிலே பாகிஸ்தானியக் குடும்பத்தில் வளர்ந்த பதிப்பாசிரியை சனா அமானத், தம் இளமைக்கால நிகழ்ச்சிகளைச் சக பதிப்பாசிரியர் ஒருவருக்குக் கூறிய உரையாடலே அவளுக்கு வித்தாயிற்று. குடியேறிய குடும்பத்தின் பிள்ளைகள் வீரக்கதை படைப்பது அமெரிக்காவுக்குப் புதிதுமன்று. 1938இல் சுப்பர்மேனைப் படைத்த இரு இளைஞரும் யூதக் குடியேற்றக் குடும்பங்களின் புதல்வர்களே.

கதையின் தொடக்கமே ஒரு விடையாக அமைந்தது. தந்தையின் தடையை மீறி, இரவு விருந்துக்கு ஒளித்துச் செல்கிறாள் கமலா. அங்கே படர்ந்த மர்மப் பனிமூட்டத்தில் உருமாறும் ஆற்றல் அவளுக்குக் கிட்டுகிறது. அவள் முதன்முதல் எடுக்கும் உருவம் யாது? தான் வியந்து போற்றிய கரோல் டான்வர்ஸ் என்னும் பொன்னிறக் கூந்தல் வீராங்கனையின் உருவம். 1977இல் ‘மிஸ் மார்வல்’ என்ற பட்டத்தை ஏற்றவள் அவளே. ஆனால் இரவல் உடல் கமலாவுக்கு இதமளிக்கவில்லை. தன் உருவில் நின்றே பிறரைக் காக்கலாம் என்று அவள் படிப்படியாக உணர்கிறாள். உடலை மறைக்கும் நீச்சலுடையொன்றே அவளுடைய வீர உடையாக மாறுகிறது.

சித்திரக்கதை இதழ்களின் இறுதியில் வாசகர் கடிதங்களை வெளியிடும் வழக்கத்தை மார்வல் நிறுவனம் 1960களின் தொடக்கத்திலிருந்தே வளர்த்து வந்தது. கமலாவின் கதைக்கும் அப்பக்கங்களே மன்றாயின. தம்மையொத்த ஒருத்தியை முதன்முறையாகக் கதையிற் கண்டோம் என்று எழுதிய முஸ்லிம் இளையோர் இருந்தனர். வேறு சமயத்தவரும் எழுதினர். பெற்றோரின் கண்டிப்பும் பள்ளித் தோழரின் ஏளனமும் ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியன அல்லவே.

வாதங்களும் ஓயவில்லை. நாயகி ஏன் முக்காடு அணியவில்லை? சகோதரனை ஏன் அத்துணைக் கடும் பக்தனாகத் தீட்டவேண்டும்? இவை போன்ற வினாக்கள் எழுந்தன. கதைக்குள்ளேயே இவற்றுக்கு ஓரளவு மறுமொழி உண்டு. தோழி நாக்கியா தன் விருப்பாலே முக்காடு அணிபவள். அதைக் களையச் சொல்பவர் அவளுடைய தந்தை. பள்ளிவாசலின் சேகு அப்துல்லாவோ, கமலாவைக் கடிந்து வீட்டில் அடைக்க முற்படவில்லை. செய்யும் நற்பணியை நேர்மையோடும் இரக்கத்தோடும் செய்யுமாறும், அதற்கொரு குருவைத் தேடிக்கொள்ளுமாறும் அறிவுரை பகர்கிறார். ஒரே சமூகத்துள் பல்வகை மனிதர் உளர் என்பதே அம்மறுமொழி. பெயர்கூட அவ்வாறே. ‘கமலா’ என்றதும் தமிழ்ச் செவிக்குத் தாமரை நினைவு வரும். உருதுவிலோ ‘கமால்’ என்னும் சொல் நிறைவையும் வியப்பையும் குறிக்கும்.

முதல் தொகுதி 2015இல் ஹியூகோ விருதும், 2016இல் பிரான்சின் அங்குலேம் விழாவில் தொடருக்கான பரிசும் பெற்றது. இவற்றினும் பெரிய சான்று வீதியிலே கிடைத்தது. 2015 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ நகரப் பேருந்துகளில் இஸ்லாத்தை இழித்துரைக்கும் விளம்பரங்கள் காணப்பட்டன. அவற்றின் மீது சிலர் கமலாவின் படத்தையும் வெறுப்புக்கு எதிரான வாசகங்களையும் ஒட்டினர். கடிதப் பக்கத்திலிருந்த வாசகர் அபிப்பிராயம் தெருவுக்கு இறங்கிய நாள் அது.

2017இல் வேறொரு வழக்கு மூண்டது. பெண்களையும் சிறுபான்மையினரையும் நாயகராகக் கொண்ட கதைகளை வாசகர் விரும்பவில்லை எனக் கடைக்காரர் கூறுவதாக, நிறுவனத்தின் விற்பனைப் பொறுப்பாளர் ஒருவர் தெரிவித்தார். கண்டனம் எழவே பின்னர் விளக்கம் அளித்தார். இங்கே நுணுகி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. சித்திரக்கதைக் கடைக்காரர் மாத இதழ்களை முற்பதிவு செய்தே கொள்வர். விற்காதவற்றைப் பெரும்பாலும் திருப்பியனுப்ப இயலாது. ஆகவே, அக்கணக்கில் முதலில் பதிவாவது வாசகரின் விருப்பமன்று, கடைக்காரரின் ஊகமே. அக்கடைகளில் காலடி வைக்காத சிறுமியரும் ஆசிரியைகளும் நூலகரும் புத்தகக் கடைகளில் தொகுதிகளாக வாங்கினர். எவருடைய குரலை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தே ‘வாசகர் அபிப்பிராயம்’ என்பதும் மாறுபடும்.

2023இல் கமலா வேறொரு வீரனின் கதையிலே உயிர் துறப்பதாகக் காட்டப்பட்டபோது, பிறன் துயரை மிகுவிப்பதற்கோ இவளைப் பலியிட்டீர் என்று வாசகர் சினந்தனர். சில வாரங்களில் அவள் மீண்டும் உயிர்பெற்றாள். முன்னர் அவள் தோன்றுவதையே எதிர்த்து வாதிட்டது ஒரு கூட்டம். பத்தாண்டின் பின் அவள் இறப்பதை எதிர்த்து வாதிட்டது இன்னொரு கூட்டம். இவ்விடைவெளியே அவள் பெற்ற வெற்றியின் அளவு.

2022இல் தொலைக்காட்சித் தொடரில் கமலாவாக நடித்த இமான் வெல்லானி, கராச்சியிற் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். இளமையிலே அவ்விதழ்களின் ஆர்வமிக்க வாசகி. 2023இல் கமலாவின் புதிய சித்திரக்கதையை எழுதியோருள் அவரும் ஒருவரானார். வாசகர் மன்றிலே நிறுத்தப்பட்ட கதையின் எழுதுகோல், ஈற்றில் ஒரு வாசகியின் கைக்கே வந்து சேர்ந்தது.