நீரிழிவில் சர்க்கரைத் தாழ்நிலையும் இதயமும்

நீரிழிவு உள்ளவரின் குருதியில் குளுக்கோசு அளவு ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்குவது குருதிச் சர்க்கரைத் தாழ்நிலை எனப்படும். பேச்சு வழக்கில் இது 'லோ சுகர்' ஆகும். பிறர் உதவியின்றி மீள இயலாத நிலை கடுமையான தாழ்நிலை எனப்படுகிறது. மயக்கம், வலிப்பு போன்ற மூளை சார்ந்த விளைவுகள் பலரும் அறிந்தவை. இதயத்தின் மீதான தாக்கம் அவ்வளவாக அறியப்படவில்லை.

இதயத்தில் நிகழ்வது

சர்க்கரை குறையும்போது உடல் குளுக்ககான், அட்ரினலின் ஆகிய இயக்குநீர்களைச் சுரந்து, கல்லீரலின் சேமிப்பிலிருந்து குளுக்கோசை வெளிக்கொணர முயல்கிறது. படபடப்பு, நடுக்கம், வியர்வை ஆகியன இம்முயற்சியின் வெளி அடையாளங்கள். அட்ரினலின் இதயத்துடிப்பை விரைவாக்கி, இதயத்தசையின் ஆக்சிசன் தேவையைக் கூட்டுகிறது. குருதியிலுள்ள பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் தள்ளவும் செய்கிறது. இதனால் ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயக் கீழறைகள் மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்பக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. இதய மின்னலை வரைவில் இது கியூடி இடைவெளி நீள்வதாகத் தெரியும். இவ்வாறு நீளும்போது ஆபத்தான சீரற்ற துடிப்புகள் தோன்றும் வாய்ப்பு மிகுகிறது. குருதித் தட்டுகளின் ஒட்டும் தன்மையும் கூடுவதால், ஏற்கெனவே சுருங்கியுள்ள இதயத் தமனிகளில் உறைவு ஏற்பட இடமுண்டு.

உறக்கத்தில் நிகழும் தாழ்நிலை நோயாளிக்குத் தெரியாமலே கடந்துவிடக்கூடும். இங்கிலாந்தின் செஃபீல்டு ஆய்வாளர்கள், இன்சுலின் பெறும் 25 பேரின் சர்க்கரையையும் இதயத்துடிப்பையும் தொடர்ச்சியாகப் பதிவு செய்து 2014இல் முடிவுகளை வெளியிட்டனர். இரவுத் தாழ்நிலையின்போது துடிப்பு மிகவும் மெதுவாகும் நிகழ்வுகள் கூடியிருந்தன. மேலும், தாழ்நிலை அடிக்கடி ஏற்பட்டால் எச்சரிக்கை அறிகுறிகளே மங்கிவிடும். பீட்டா தடுப்பி மருந்துகளும் படபடப்பை மறைக்கும். வியர்வை மட்டும் பெரும்பாலும் எஞ்சும்.

ஆய்வுகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரிடம் நடந்த அக்கார்டு ஆய்வில், எச்பிஏ1சி அளவை 6 விழுக்காட்டுக்குக் கீழ் கொண்டுவரத் தீவிர சிகிச்சை அளிக்கப்பட்டது. அப்பிரிவில் 257 பேரும் வழக்கமான பிரிவில் 203 பேரும் இறந்ததால், 2008 பெப்ரவரியில் தீவிர சிகிச்சை நிறுத்தப்பட்டது. மருத்துவ உதவி தேவைப்பட்ட தாழ்நிலை முறையே 10.5, 3.5 விழுக்காட்டினருக்கு ஏற்பட்டது. ஆயினும் கூடுதல் இறப்புகளுக்குத் தாழ்நிலையே காரணம் என்று நிறுவப்படவில்லை.

இந்தியாவும் பங்கேற்ற அட்வான்சு ஆய்வின் 11,140 பேரில் 231 பேர் கடுமையான தாழ்நிலைக்கு ஆளாயினர். இவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் இடர் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்ததாக 2010இல் வெளியிடப்பட்டது. ஆனால் இதயத்தோடு தொடர்பற்ற நோய்களும் இவர்களிடையே மிகுந்திருந்தன. எனவே தாழ்நிலை நேரடிக் காரணமா, உடல் நலிவின் அடையாளமா என்ற வினா நீடிக்கிறது. இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்றே தோன்றுகிறது. முதியோருக்கும் இதயநோயாளிகளுக்கும் இலக்கைச் சற்றுத் தளர்த்தும் இன்றைய வழக்கத்திற்கு இவ்வாய்வுகளே வலுச்சேர்த்தன.

கொங்குப் பகுதியில்

2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. சத்தியமங்கலம் வட்டாரத்தில் விடியுமுன்பே மல்லிகைப் பூப்பறிப்பு தொடங்கிவிடும். பண்ணாரி மாரியம்மன் குண்டத்தை ஒட்டிப் பலர் விரதம் இருப்பர். வெறும் வயிற்றில் உழைப்போரும் விரதமிருப்போரும் இன்சுலினையோ கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளையோ வழக்கமான அளவில் எடுத்துக்கொண்டால் தாழ்நிலைக்கு வாய்ப்பு மிகுதி. விரதம் தொடங்குமுன் அளவை மாற்ற மருத்துவரைக் கேட்பது தேவை. கிளிபென்கிளமைடு 60 வயதைக் கடந்தோருக்கு ஏற்றதன்று என உலக சுகாதார அமைப்பு 2013இல் தன் இன்றியமையா மருந்துப் பட்டியலில் குறித்தது.

முதலுதவி

நினைவுடன் இருப்பவருக்கு 15 கிராம் குளுக்கோசு கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். குளுக்கோசு இல்லையெனில் சர்க்கரைக் கரைசல் உதவும். ஆனால் வோக்லிபோசு, அகார்போசு மாத்திரை எடுப்போருக்குச் சர்க்கரையும் வெல்லமும் உடனே பயன்தரா. இம்மருந்துகள் அவற்றின் செரிமானத்தைத் தாமதப்படுத்துகின்றன. அவர்கள் குளுக்கோசுத் தூளையே கையில் வைத்திருக்க வேண்டும். நினைவிழந்தவருக்கு வாய்வழி எதுவும் புகட்டாமல் 108 ஊர்தியை அழைக்க வேண்டும். நெஞ்சுவலியோ சீரற்ற துடிப்போ இருந்தால், சர்க்கரை சீரான பின்னரும் இதய மின்னலை வரைவு எடுத்துப் பார்ப்பது அவசியம்.