வேப்பேரியில் பிறந்த அகராதி

மயிலாப்பூரிலும் அடையாறிலும் ஜெர்மன் படிக்கும் மாணவர்களுக்கு இன்று அகராதி செல்போனுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் இதே சென்னையில் தமிழ் படித்த ஒரு ஜெர்மன்காரர், அகராதியைத் தானே எழுத வேண்டியிருந்தது!

அவர் பெயர் யோஹான் பிலிப் பெப்ரிஷியஸ். புரசைவாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கே அவர் பெயர்தான். 1740-ல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742-ல் சென்னைக்கு மாறிய லுத்தரன் பாதிரியார். அவருக்கு முன்னோடியான சீகன்பால்க் ஆயிரக்கணக்கான தமிழ்ச் சொற்களைத் திரட்டியிருந்தார். ஆனால் அது அச்சேறவில்லை.

பெப்ரிஷியஸுக்கு அச்சுக்கூடம் கிடைத்தது போரால். 1761-ல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் அங்கிருந்த அச்சு இயந்திரத்தைத் தூக்கி வந்தார்கள். அது வேப்பேரிக்கு வந்தது. கம்பெனிக்கு வேண்டியதையும் அச்சடித்துத் தர வேண்டும் என்பது நிபந்தனை.

1779-ல் அகராதி வெளிவந்தது. சுமார் 9,000 சொற்கள். எழுதியவர் ஜெர்மன்காரர், ஆனால் பொருள் சொன்னது ஆங்கிலத்தில். ஊழியத்துக்குப் பணம் அனுப்பியது லண்டன் சங்கமாயிற்றே! தலைப்பில் தமிழை 'மலபார்' மொழி என்று போட்டிருந்தார்கள். ஐரோப்பியர்கள் அன்று அப்படித்தான் சொன்னார்கள்.

சொற்களில் இருந்த கவனம் கணக்கில் இல்லை. பிறர் நம்பிக் கொடுத்த பணத்தைக் கடனாக விட்டார், அது திரும்பவில்லை. வயதான காலத்தில் கடனுக்காகச் சிறையில் இருந்தார். 1791-ல் இறந்தார்.

அகராதி மட்டும் திருத்தப்பட்டுப் பதிப்பு மேல் பதிப்பாக வந்தது. 1972-ஆம் வருடப் பதிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றிவிட்டது.