சுவடியும் மாத்திரையும்: உ.வே.சா.வும் ஆபிரகாம் பண்டிதரும்

மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்த புதிதில், சாமிநாதன் இன்னொரு ஆசிரியரிடமும் போய்க்கொண்டிருந்தான். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அப்போது அந்த ஊரில்தான் இருந்தார். அப்பா வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். தமிழ் படிக்கப் போன மகன் பாட்டை அடியோடு விட்டுவிடக் கூடாது என்பது அவர் ஆசை. பாட்டுப் பாடமும் நன்றாகவே நடந்தது. ஒருநாள் பிள்ளையைப் பார்க்க வந்த பாரதியார், உங்கள் மாணாக்கன் என்னிடம் சங்கீதம் கற்கிறான் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார். பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. இசையில் பழக்கம் மிகுந்தால் இலக்கண இலக்கியத்தில் புத்தி ஆழச் செல்லாது என்பது அவர் எண்ணம். பையன் பாட்டுப் பாடத்தை நிறுத்திக்கொண்டான். ‘என் சரித்திர’த்தில் உ.வே.சாமிநாதையரே இதை எழுதியிருக்கிறார்.

ஏறக்குறைய அதே தலைமுறையில், தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் 1859-ல் பிறந்த ஆபிரகாம், ஆசிரியப் பயிற்சிக்காகத் திண்டுக்கல்லுக்குப் போனார். போன இடத்தில் சடையாண்டி பத்தரிடம் பிடில் கற்றார். பயிற்சி முடிந்து ஆசிரியரானார். பிடிலையும் விடவில்லை. சுருளிமலையில் கருணானந்தர் என்ற முனிவரைச் சந்தித்துச் சித்த மருத்துவம் கற்றார். ஒன்றைத் தொட்டதற்காக மற்றொன்றைக் கைவிடுவது அவர் வழக்கத்திலேயே இல்லை.

இந்த இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் எண்ணம். ஒரே துறையைக் கடைசிவரை பிடித்துக்கொண்டவருக்கு நம்மிடையே உ.வே.சா.வை விட நல்ல சான்று கிடையாது. பல துறைகளில் இறங்கி எதையும் அரைகுறையாக விடாதவருக்குப் பண்டிதரை விட நல்ல சான்றும் கிடையாது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் சுமார் 40 கிலோமீட்டர், ரயிலில் கொஞ்ச நேரப் பயணம். 1883 முதல் 1903 வரை இருபது ஆண்டுகள் ஒருவர் தஞ்சையிலும் மற்றவர் குடந்தையிலும் வாழ்ந்தார்கள்.

உ.வே.சா.வின் கதை எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1880-ல் தியாகராச செட்டியார் விலகிய இடத்தில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை, மாதம் 50 ரூபாய். அதே ஆண்டு அக்டோபரில் முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து கிளம்பியவர் திரும்பிப் பார்க்கவில்லை. சீவக சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. குறுந்தொகை வெளிவந்த 1937-ல் அவருக்கு வயது 82.

அந்த ஒரு துறைக்குள் அவர் செய்த வேலை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் ஒப்பீடு பொருள்படும். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று தெரியாது. மூலமும் உரையும் ஒட்டிக்கொண்டு ஓடும். எது செய்யுள், எது உரை என்று பிரிப்பதே முதல் போராட்டம். உரையாசிரியர் மேற்கோள் காட்டுவார், எந்த நூலிலிருந்து என்று சொல்ல மாட்டார். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய பூக்களின் வரிசையில் சில பெயர்கள் பல பிரதிகளில் விடுபட்டிருந்தன. அந்தச் சில பெயர்களுக்காக ஊர் ஊராகத் தேடி, தருமபுர மடத்து ஏடுகளில் கண்டெடுத்தார். பூவின் பெயர் கிடைக்காவிட்டால் அச்சு நிற்கும் என்று நினைக்கிற மனசு அது. ஒன்றிலேயே ஊறிய ஆளுக்கு மட்டுமே அப்படிப்பட்ட பொறுமை வாய்க்கும் என்று தோன்றுகிறது.

ஆனால் ஒன்றைப் பிடித்தவர் ஒன்றை மட்டும் கற்றவர் அல்லர். சைவ மடத்தில் வளர்ந்த அவர் சிந்தாமணிக்காகக் கும்பகோணத்து ஜைனர் வீடுகளில் போய் உட்கார்ந்து அவர்கள் சமயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். மணிமேகலைக்காகப் பௌத்தம் படித்தார். ஆங்கிலத்தில் இருந்ததைச் சக பேராசிரியர் மளூர் ரங்காசாரியார் படித்து விளக்கினார். நூல் எதைக் கேட்டதோ அதையெல்லாம் கற்றார். நூல் கேட்காததன் பக்கம் போகவில்லை.

பண்டிதர் கற்றது வேறு மாதிரி. மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் அவரும் தஞ்சையில் பெண்கள் பள்ளியில் ஆசிரியர்கள். 1890 வாக்கில் அந்த வேலையை விட்டு முழுநேர மருத்துவரானார். கருணாநிதி வைத்தியசாலையின் மாத்திரைகள், குறிப்பாகக் கோரோசனை மாத்திரை, தமிழ்நாட்டைத் தாண்டியும் விற்றன. மருந்துக்கு மூலிகை வேண்டும், மூலிகைக்கு நிலம் வேண்டும். தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கிக் கருணானந்தபுரம் என்று குருவின் பெயரை வைத்தார். ஊர்க்காரர்களுக்கு அது பண்டிதர் தோட்டம். மூலிகை போட வாங்கிய நிலத்தில் கரும்பிலும் சோதனை செய்து நல்ல ரகம் எடுத்தார். புகைப்படக் கலையும் கற்றார். 1909-ல் அரசு ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது. 1911-ல் மின்சாரத்தில் ஓடும் அச்சகம் ஒன்றைத் தஞ்சையில் நிறுவி, அப்போதைய ஆளுநர் லாலியின் பெயரை அதற்கு வைத்தார். இதற்கிடையே தமிழில் கீர்த்தனைகள் இயற்றினார், மகள்களுக்கு வீணையும் பாட்டும் பயிற்றுவித்தார்.

இந்தப் பட்டியலைப் பார்த்து, பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று சொல்லிவிடலாம். பண்டிதர் விஷயத்தில் அந்தப் பழமொழி நிற்காது. கண்ட மரத்தையெல்லாம் அவர் வெட்டினார். வெட்டியதையெல்லாம் கடைசியில் ஒரே கட்டடத்துக்குக் கொண்டுவந்தார். 1912-ல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் பல இசை மாநாடுகளைத் தன் செலவில் நடத்தினார். வித்துவான்களை வரவழைத்து, தங்கவைத்து, சுருதி எத்தனை என்று விவாதிக்க வைத்தார். அந்தச் செலவெல்லாம் மாத்திரை விற்ற காசு. 1917-ல் வெளிவந்த ‘கருணாமிர்த சாகரம்’ ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட பெரிய நூல், சொந்த அச்சகத்தில் அச்சானது. அதன் பெயரிலும் சுருளிமலைக் குருவே இருக்கிறார்.

பணத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பலதுறை ஆர்வத்தைப் புகழ்கிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உ.வே.சா. முன்கையொப்பம் வாங்கித்தான் சிந்தாமணியை அச்சுக்குக் கொடுத்தார். காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் பிறரை நாடியிருந்தார். பண்டிதருக்கு அந்த நிலை இல்லை. ஒரு துறை சம்பாதித்தது, இன்னொரு துறை செலவழித்தது. மருத்துவம் இல்லாவிட்டால் இசை ஆராய்ச்சி இல்லை. பல துறைகளில் ஈடுபட விரும்பும் இளைஞர்களுக்குப் பண்டிதரிடம் முதலில் கவனிக்க வேண்டியது இந்த ஏற்பாடுதான் என்று நினைக்கிறேன். அவருடைய நாட்டங்கள் ஒன்றோடொன்று நேரத்துக்குச் சண்டை போடவில்லை. ஒன்றின் விளைச்சலில் இன்னொன்று வளர்ந்தது.

இருவர் வேலையும் சந்திக்கும் இடம் சிலப்பதிகாரம். 1892-ல் அரும்பத உரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் உ.வே.சா. பதிப்பித்தபோது, அதுவரை பெரும்பாலும் சுவடிக்குள் கிடந்த பழந்தமிழ் இசைக் கணக்கு அச்சில் வந்தது. இசை நுணுக்கம், பஞ்சமரபு, இந்திரகாளியம் என்று அப்போது கைக்குக் கிடைக்காதிருந்த நூல்களின் பெயர்களை அந்த உரை சொன்னது. ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களை நிறுத்திக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயரிடுகிறாள். அவர்கள் வட்டமாக நிற்பதற்குள் ஓர் இசைக் கணக்கு இருக்கிறது. பதிப்பித்தவர் பாடத்தைச் சுத்தமாகக் கொடுத்தார். ஏழு பெண்கள் நின்ற வட்டத்தைக் கணக்காகப் போட்டுப் பார்க்க உட்கார்ந்தவர் வைத்தியர்.

கணக்கு இதுதான். ஏழு சுரங்களுக்கும் பழைய நூல்கள் சொல்லும் அலகு 4, 4, 3, 2, 4, 3, 2. கூட்டினால் 22. ஒரு ஸ்தாயியில் 22 சுருதி என்று வடமொழி நூல்கள் சொல்வதும் இதோடு ஒத்துப்போகிறது. ஆனால் சுரங்களை வட்டமாக நிறுத்தும் வட்டப்பாலை 12 இராசி வீடுகளில் அமைகிறது. வீட்டுக்கு இரண்டு அலகு என்றால் 24 வர வேண்டும். மிச்சம் இரண்டு எங்கே போயிற்று? பண்டிதர் சொன்ன விடை: கைக்கிளையும் விளரியும் உண்மையில் நான்கு நான்கு அலகு உடையவை. பாடும் முறையில் ஒவ்வொன்றிலும் ஓர் அலகு குறைத்துப் பாடப்பட்டது. அதை அறியாதவர்கள் 22-ஐ முழுக்கணக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். 4, 4, 4, 2, 4, 4, 2 என்று போட்டால் 24 சரியாக வருகிறது. வெறும் ஏட்டுக்கணக்கோடும் அவர் நிற்கவில்லை. 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்கு மகள்களை அழைத்துப் போய், பாடியும் வீணை வாசித்தும் மெய்ப்பிக்கச் செய்தார்.

அவர் சொன்னதை எல்லோரும் ஏற்கவில்லை. 24 சம அலகுகளாகப் பிரித்தால் பியானோவின் சமப்பகுப்புக்குப் பக்கத்தில் போய்விடுகிறோம், காது கேட்கும் இயற்கைச் சுரங்கள் அப்படிச் சமமாக இல்லை என்பது எதிர்வாதம். அதில் நியாயம் இருக்கிறது. விபுலாநந்தரின் ‘யாழ் நூல்’ 22-ஐ வைத்தே கட்டப்பட்டது. என் கருத்து, பண்டிதர் விடை முற்றிலும் சரியாக இல்லாமல் போகலாம், ஆனால் அந்தக் கேள்வி அவரைப் போன்ற ஒருவரிடமிருந்துதான் வந்திருக்க முடியும். தமிழ்ப் புலவருக்கு 22-ம் 24-ம் உரையில் வரும் எண்கள். கச்சேரி வித்துவானுக்கு உரை எதற்கு? இரண்டும் தெரிந்து, கையில் வீணையும் இருந்து, எண் உதைக்கிறதே என்று இரவு தூங்காமல் கிடக்க வேறுவிதமான ஆள் வேண்டும்.

இங்கே மாயூரத்துப் பாட்டுப் பாடம் நினைவுக்கு வராமல் இல்லை. உ.வே.சா. பிற்காலத்தில் பழந்தமிழ் இசை பற்றி எழுதினார். கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் வரலாறுகளை மனம் ஒன்றி எழுதினார். இசையறிவு அவரை விட்டுப் போகவே இல்லை. ஆனால் அலகுக் கணக்கைத் தந்தியில் வைத்துப் பார்க்கும் வேலை அவருடையதாகவில்லை. பிள்ளையவர்கள் தடுத்திராவிட்டால் அதையும் அவரே செய்திருப்பாரோ என்று கேட்கத் தோன்றும். அப்படிச் செய்திருந்தால் குறுந்தொகை வரை வந்திருப்பாரா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஏடுகள் செல்லரித்துக்கொண்டிருந்த காலம் அது. காத்திருக்கக் கூடிய வேலை இல்லை. அந்த நேரத்தில் ஒருவர் எல்லாக் கதவையும் சாத்திவிட்டு ஒரே வேலையில் உட்கார்ந்தது தமிழுக்குப் பெரும் பேறு. இதில் எனக்குத் தயக்கமே கிடையாது.

பண்டிதர் கொடுத்த விலையும் சிறிதல்ல. முதல் நூல் வந்து இரண்டு ஆண்டில், 1919 ஆகஸ்டில், 60 வயதில் காலமானார். இராகங்களைப் பற்றிய இரண்டாம் பகுதி 1946-ல்தான் மகள் முயற்சியில் வெளிவந்தது. உ.வே.சா.வுக்குக் கி.வா.ஜகந்நாதன் போன்ற மாணவர்கள் அமைந்தார்கள், பதிப்பு முறை ஒன்று வேர்விட்டது. பண்டிதருக்கு அப்படி ஒரு பரம்பரை எளிதில் அமையவில்லை. மருத்துவர் மருத்துவத்தை எடுத்துக்கொண்டார், உழவர் கரும்பை எடுத்துக்கொண்டார், எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொள்ள ஆள் வரவில்லை. பிற்காலத்தில் குடந்தை ப.சுந்தரேசனார் போன்றவர்கள் தமிழிசை ஆராய்ச்சியைத் தூக்கிப் பிடித்தார்கள் என்றாலும், சங்கீத உலகின் பெரும்பகுதி அந்தப் பெரிய நூலைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிற விஷயம்.

இன்று நம் வீடுகளில் பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு பிள்ளையிடம் எந்த குரூப் என்று கேட்கிறோம். பாட்டு, ஓவியம், செடி வளர்ப்பு எல்லாவற்றையும் இரண்டு வருஷத்துக்கு மூட்டை கட்டு என்கிறோம். பிள்ளையவர்கள் சொன்னதைத்தான் சொல்கிறோம் என்று நமக்கு எண்ணம். அவர் எதற்காகச் சொன்னார் என்பதை விட்டுவிட்டோம். அவர் முன்னால் இருந்தது ஒரு மாணவன், அவன் தேர்ந்துகொண்ட ஒரு கல்வி, அதைக் கடல்போல் அறிந்த ஓர் ஆசான். நம் பிள்ளைகள் இன்னும் எதையும் தேர்ந்துகொள்ளவே இல்லை. பதினாறு வயதில் மூட்டை கட்டிய பாட்டு திரும்பி வருவது அரிது. எனக்குத் தெரிந்த பல வீடுகளில் வீணை பரண் மேல் இருக்கிறது.

பெரியவர்களாகிய நாம் கட்டிவைத்த கல்வி நிலையங்களும் அப்படித்தான் இருக்கின்றன. 22-ஆ 24-ஆ என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அதைத் தீர்க்க முன்வருகிறவருக்கு அடியார்க்குநல்லார் உரை படிக்கத் தெரிய வேண்டும், அதிர்வெண் விகிதம் போடத் தெரிய வேண்டும், மெட்டில் விரல் வைத்தால் சுரம் ஒரு மயிரிழை தப்புவது காதுக்குத் தெரிய வேண்டும். தமிழ்த் துறை ஒரு கட்டடம், இயற்பியல் ஒரு கட்டடம், இசைக் கல்லூரி ஊரின் மறுகோடி. நாளைக்கு ஒரு மாணவி இந்த மூன்றும் எனக்கு வேண்டும் என்று வந்து நின்றால் எந்தத் துறை அவளைப் பதிவு செய்துகொள்ளும்?