சிகிச்சை இலவசம்... கூட இருக்குறவங்களுக்கு? ஜிப்மர் வார்டில் கணக்கில் வராத அந்த ஒரு ஆள்!

புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் வாசலில் காலை நேரத்தில் நின்று பார்த்தால், உள்ளே போகிறவர்களில் நோயாளி யார், கூட வந்தவர் யார் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். கையில் ஃபைல், ஸ்கேன் கவர். கட்டைப்பையில் பாய், பிளாஸ்க், மாற்றுத்துணி. அரசு ஆஸ்பத்திரி என்றாலே கூட்டம் என்று சொல்கிறோம். அந்தக் கூட்டத்தில் கணிசமானவர்களுக்கு எந்த நோயும் கிடையாது. நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள்.

ஆஸ்பத்திரி பாஷையில் இவர்களுக்குப் பெயர் 'அட்டெண்டர்'. சம்பளம் கிடையாது, ஷிப்ட் கிடையாது, படுக்கை கிடையாது. ஆனால் இவர்கள் ஒருநாள் வராவிட்டால் பெரிய அரசு மருத்துவமனையின் பொது வார்டு திணறிப்போகும். ஏன் அப்படி? இவர்களுக்கு ஆகும் செலவு எவ்வளவு? விரிவாகப் பார்க்கலாம்.

ரெட்டியார்பாளையத்துக்காரர் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவார்?

ரெட்டியார்பாளையத்தில் ஒரு வீட்டில் திடீரென்று ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால், முதல் குழப்பமே எங்கே போவது என்பதுதான். வில்லியனூர் சாலையிலேயே டவுன் பக்கம் வந்தால் எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை. வழுதாவூர் சாலையில் கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி. கடற்கரைப் பக்கம் பழைய பெரியாஸ்பத்திரி, அதாவது இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை. இந்த மூன்றும் புதுச்சேரி அரசின் கீழ் வருபவை. திண்டிவனம் சாலையில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கும் ஜிப்மர் மட்டும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்குவது.

ஜிப்மரின் வேர் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் இருக்கிறது. 1823ல் அவர்கள் இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் ஆரம்பம். புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தபின் 1956ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி, 1964ல் நேரு பெயரில் ஜிப்மர். அப்போதைய குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அந்தப் பகுதிக்கு தன்வந்திரி நகர் என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்று 2,000க்கும் மேற்பட்ட படுக்கைகள். புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் மட்டுமல்ல, விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை என்று சுற்றுவட்டார மாவட்டங்கள் எல்லாம் இங்கேதான் வருகின்றன. ரெட்டியார்பாளையத்துக்காரருக்கு ஒரு வசதி, ராத்திரி வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாம். கள்ளக்குறிச்சி பக்கத்து கிராமத்தில் இருந்து வந்தவருக்கு அந்த வசதி இல்லை. இரண்டு பேரும் ஒரே வார்டில், பக்கத்துப் பக்கத்து பெட்டில் இருப்பார்கள்.

நர்ஸ் இருக்காங்களே, அப்புறம் எதுக்கு அட்டெண்டர்?

நியாயமான கேள்வி. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் 3 படுக்கைக்கு 1 செவிலியர் வேண்டும், விடுப்புக்கு ஈடாக இன்னும் 30 சதவீதம் பேர் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாளுக்கு மூன்று ஷிப்ட். 30 படுக்கை வார்டுக்கு விதிப்படி 10 செவிலியர்கள் முழுசாக இருந்தாலும், ஒரு நேரத்தில் நிற்பது மூன்று பேர் சொச்சம். ஆளுக்கு ஒன்பது, பத்து நோயாளிகள். விதி முழுமையாக நிறைவேறினால் இந்த நிலைமை. காலியிடம் இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஊசி, மருந்து, டிரிப், ரத்த அழுத்தம், குறிப்பேடு. இவற்றை முடிக்கவே செவிலியருக்கு ஷிப்ட் போதாது. மீதி எல்லாம் அட்டெண்டர் தலையில். வாயில் கஞ்சி ஊட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, பாத்ரூமுக்குத் தாங்கிக்கொண்டு போவது, சிறுநீர்ப் பை நிறைந்தால் சொல்வது, டிரிப் தீர்ந்தால் ஓடுவது, ரத்த சாம்பிளை லேபில் கொடுப்பது, ரிப்போர்ட் வாங்கி வருவது, ஸ்ட்ரெச்சருக்கு ஒரு கை கொடுப்பது. அறுவை சிகிச்சைக்கு முன்னால் கையெழுத்துப் போடுவதும் பெரும்பாலும் இவர்தான்.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடாவிட்டால் முதுகில் படுக்கைப் புண் வரும் என்பது மருத்துவப் பாடம். அந்தப் பாடத்தை ராத்திரி இரண்டு மணிக்குச் செய்து காட்டுவது, மருத்துவமே படிக்காத ஒரு மகளோ மருமகளோதான்.

'பக்கத்து பெட் அக்கா' நெட்வொர்க்

பொது வார்டில் இரண்டு நாள் இருந்தவர்களுக்குத் தெரியும், அங்கே தனியாக ஒரு ஊரே நடக்கிறது. எந்த கவுன்ட்டரில் சீல் போடணும், எக்கோவுக்கு எந்த மாடி, எந்த டாக்டர் எப்போது ரவுண்ட்ஸ் வருவார் என்பதையெல்லாம் புதிதாக வந்தவர் அறிவிப்புப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. பத்து நாளாக அங்கேயே இருக்கும் பக்கத்து பெட் அக்காதான் சொல்வார். "தம்பி, நீ போய் சாப்ட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்வதும் அவரே. சாதி, ஊர், கட்சி எதுவும் கேட்காமல் குழம்பு கைமாறும். டிஸ்சார்ஜ் ஆகும்போது போன் நம்பரும் கைமாறும்.

பெண்கள் வார்டுகளில் ராத்திரியில் ஆண்கள் தங்க பொதுவாக அனுமதி இல்லை. அதனால் உள்ளே பெண்கள், வெளியே வராந்தாவிலும் மரத்தடியிலும் ஆண்கள் என்று குடும்பமே இரண்டாகப் பிரிந்து படுத்திருக்கும். யார் தங்குவது என்ற கேள்வி வரும்போது வீட்டில் முதலில் கை காட்டப்படுவது பெண்தான். நோயாளி ஆணாக இருந்தாலும் பல நேரம் அப்படித்தான்.

ரத்தம் கேட்டால் பதறாதீங்க

வார்டு அட்டெண்டரை அதிகம் பதற வைக்கும் வார்த்தை, "ரெண்டு யூனிட் ரத்தம் ஏற்பாடு பண்ணுங்க". உடனே வாட்ஸ்அப் குரூப்புகளில் செய்தி பறக்கும். இதில் தெரிந்துகொள்ள வேண்டியது சில உண்டு. ரத்தத்தை விலைக்கு வாங்குவதும் விற்பதும் சட்டப்படி குற்றம். உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பது நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது. வாசலில் நின்று யாராவது காசு கேட்டால் அவர் புரோக்கர், அவ்வளவுதான்.

18 முதல் 65 வயதுக்குள், 45 கிலோவாவது எடை, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் ரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை. தட்டணுக்களை 5 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதனால்தான் முகாமில் நூறு பேர் கொடுத்துவிட்டுப் போன அடுத்த வாரமே மறுபடி தேவை என்று அறிவிப்பு வருகிறது. நோயாளியின் குரூப் உள்ளவர்தான் வரணும் என்று அலையத் தேவையில்லை. ஈடாகக் கொடுக்கப்படும் ரத்தம் எந்த குரூப்பாக இருந்தாலும் அது இன்னொருவருக்குப் போகும்.

இலவசம் என்ற வார்த்தைக்குப் பின்னால்

ஜிப்மரில் இலவச சிகிச்சை என்பது புதுச்சேரி மக்களுக்கு உணர்ச்சிபூர்வமான விஷயம். 2008ல் தனிச் சட்டம் மூலம் ஜிப்மர் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக மாறியபோது, தன்னாட்சி வந்தால் கட்டணமும் வந்துவிடும் என்று ஊழியர்களும் கட்சிகளும் எதிர்த்தனர். 15 வருடம் கழித்து, 2023 மார்ச்சில், சில உயர்நிலைப் பரிசோதனைகளுக்குக் கட்டணம் என்ற அறிவிப்பு வந்ததும் மறுபடி போராட்டம். மாத வருமானம் 2,499 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு மட்டும் இலவசம் என்பது அப்போது சொல்லப்பட்ட வரம்பு. அந்த ஆண்டு ஏப்ரலில் இருந்து 100 நாள் வேலைத் திட்டத்தில் ஒரு நாள் கூலி 294 ரூபாய். மாதத்தில் ஒன்பது நாள் மண் வெட்டினாலே 2,646 ரூபாய், வரம்பைத் தாண்டியாச்சு! ஏழை யார் என்று வரையறுக்கும் வரம்பு இப்படி இருந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் இந்தச் சண்டை முழுக்க ஆஸ்பத்திரி பில்லைப் பற்றியது. அட்டெண்டரின் பில் எந்த அறிவிப்பிலும் இல்லை. அதையும் போட்டுப் பார்ப்போம். புற்றுநோய்க்குக் கதிரியக்க சிகிச்சை என்றால் பொதுவாக வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து முதல் ஏழு வாரம் வரை நீளலாம். ஆறு வாரம் என்று வைத்தால் 30 நாள். கூட வருபவர் இழக்கும் கூலி, அதே 294 ரூபாய் கணக்கில் 8,820 ரூபாய். இதில் பஸ், டீ, சாப்பாடு, தங்கும் செலவு சேரவில்லை. உள்நோயாளிக்கு ஆஸ்பத்திரி சாப்பாடு உண்டு, அட்டெண்டருக்கு வெளியேதான்.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. தேசிய மாதிரி ஆய்வின் 75வது சுற்றில் (2017 ஜூலை - 2018 ஜூன்) ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்ட படிவத்தில், கூட வந்தவரின் சாப்பாடு, பயணம், தங்கும் செலவுக்குத் தனிக் கட்டம் இருந்தது. குடும்பம் இழந்த வருமானத்துக்கும் ஒரு கட்டம். கேள்வி கேட்கிறார்கள். ஆனால் காப்பீட்டுத் திட்டங்கள் பேசுவதெல்லாம் சிகிச்சைச் செலவைத்தான். ஆயுஷ்மான் பாரத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும், அட்டெண்டர் இழந்த கூலி அதில் வராது.

ஓரளவு கைகொடுப்பது ரயில்வே. புற்றுநோய் சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி பெட்டிகளில் முழுக் கட்டணச் சலுகை. கூட வரும் ஒருவருக்கு அதே பெட்டிகளில் 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் சான்று வாங்கி கவுன்ட்டரில் கொடுக்கணும். பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் சென்னை ஒரு வழி காட்டியிருக்கிறது. அங்கே பெரிய அரசு மருத்துவமனைகளின் வளாகத்துக்குள்ளேயே அம்மா உணவகங்கள் நடக்கின்றன. அட்டெண்டர்கள் ராத்திரி தங்க மாநகராட்சியின் காப்பகங்களும் மருத்துவமனை வளாகங்களில் உண்டு. எத்தனை படுக்கை திறந்தோம் என்று அறிவிக்கும் அரசுகள், எத்தனை பாய் விரிக்க இடம் கொடுத்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

கூட்டமா, துணையா?

டாக்டர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆள் கூடக்கூட தொற்று பரவும் ஆபத்து கூடும். கோபத்தில் கை நீட்டுகிறவர்களும் உண்டு. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பெண் டாக்டர் கொலை செய்யப்பட்டபின் நாடு முழுக்கப் போராட்டம் வெடித்தது, ஜிப்மர் மருத்துவர்களும் அதில் இருந்தனர். பணியில் இருப்பவர்கள் தாக்கப்பட்டால் ஆறு மணி நேரத்துக்குள் மருத்துவமனையே புகார் கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. பாஸ் இருந்தால்தான் உள்ளே என்ற கெடுபிடிக்கு இந்தப் பின்னணியும் உண்டு.

அதே சமயம், துணை இருப்பதே சிகிச்சை என்று நிரூபித்த உதாரணமும் இருக்கிறது. 1978ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறை. எடை குறைந்த குழந்தைகளை அம்மாவின் மார்போடு தோல் படும்படி கட்டி வைத்தார்கள். அதுதான் இன்று 'கங்காரு பராமரிப்பு'. உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்து 2021ல் வெளியான ஆய்வு, பிறந்த உடனே இதைத் தொடங்கினால் எடை குறைந்த குழந்தைகளின் மரணம் 25 சதவீதம் குறைகிறது என்றது. ஆய்வு நடந்த ஐந்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று, டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை. அம்மாவை வெளியே உட்கார வைக்கும் பழைய ஐ.சி.யூ வழக்கத்தையே மாற்றி, அம்மாவுக்கும் உள்ளே படுக்கை போட்டார்கள். பிரசவ அறையில் கர்ப்பிணிக்குத் துணையாக ஒரு பெண் இருக்கலாம் என்று மத்திய அரசு 2016ல் அனுமதித்ததும் இதே திசையில்தான்.

நீங்க அட்டெண்டரா போறீங்களா?

டாக்டரிடம் பேச ஒரே ஆளை முடிவு பண்ணுங்கள். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் கேட்டால் பாதி பாதியாகத்தான் தெரியவரும். ஏற்கனவே சாப்பிடும் சுகர், பிரஷர் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போங்கள், "வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் யாருக்கும் புரியாது. ஆதார், காப்பீட்டு அட்டை, ஓ.பி. சீட்டு எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்து வைங்கள். நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் கை கழுவுங்கள். முக்கியமாக, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். தூக்கம் இல்லாமல் அட்டெண்டரே மயங்கி விழுவது வார்டுகளில் புதிதல்ல.

டிஸ்சார்ஜ் அன்று சம்மரியைக் கையில் வாங்கியவுடன் கிளம்பிவிடாதீர்கள். எந்த மாத்திரை எத்தனை நாள், புண்ணை எப்படித் துடைப்பது, எது நடந்தால் உடனே திரும்பி வரணும் என்று கேட்டு, செய்தும் காட்டச் சொல்லுங்கள். இதைக் கற்றுக்கொடுப்பதற்காகவே நூரா ஹெல்த் என்ற அமைப்பு கர்நாடகா, பஞ்சாப் உள்ளிட்ட மாநிலங்களின் அரசு மருத்துவமனைகளில் அட்டெண்டர்களுக்கு வார்டிலேயே வகுப்பு எடுக்கிறது. வீட்டுக்குப் போனபின் ரெட்டியார்பாளையத்திலோ கள்ளக்குறிச்சியிலோ அந்த நோயாளிக்கு இருக்கப்போகும் ஒரே நர்ஸ் இவர்தான்.