குறும்பி எடுத்த கை: கொங்கு நாட்டில் செவித் துப்புரவின் வரலாறு

செவித்துளையின் வெளிப்பகுதியிலுள்ள சுரப்பிகள் கசியவிடும் நெய்ப்பசையோடு உதிர்ந்த தோலும் தூசியும் சேர்ந்து உருவாகும் குறும்பி, அழுக்கென்று எண்ணப்பட்டாலும், உண்மையில் செவிக்கு ஒரு காப்பாகும். செவித்துளையின் தோல் செவிப்பறையிலிருந்து வெளிநோக்கி மெல்ல நகர்வதாலும், உணவை மெல்லும்போது தாடை அசைவதாலும், பெரும்பாலோருக்கு அது தானே வெளியேறிவிடுகிறது. துளை குறுகியவர்களுக்கும் முதியவர்களுக்கும் உள்ளேயே தங்கி இறுகிவிடும்போதுதான் காது அடைத்து, பேச்சு மந்தமாகக் கேட்கத் தொடங்குகிறது. அப்போது அதை யார் எடுப்பது, எதைக் கொண்டு எடுப்பது என்ற வினாவுக்குக் கொங்கு நாட்டில், பொள்ளாச்சி வட்டாரம் உட்பட, இரண்டு விடைகள் இருந்தன: ஒன்று வீட்டு எண்ணெய், மற்றொன்று நாவிதரின் கருவி.

இவ்விரண்டும் மிகப் பழையவை. ஹரப்பா அகழாய்வில் காதுக்கரண்டியும் குத்தூசியும் சாமணமும் ஒன்றாகக் கோக்கப்பட்ட ஒப்பனைக் கருவித் தொகுதி கிடைத்துள்ளது. சுசுருத சங்கிதை, குறும்பி இறுகிக் காதை அடைப்பதைக் கர்ணகூதம் என்னும் தனி நோயாகக் கணக்கிட்டு, முதலில் எண்ணெய் விட்டு ஊறவைத்து, வெப்பத்தால் இளக்கி, அதன் பின்னரே சலாகை எனப்படும் மெல்லிய கோலால் எடுக்க வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறது. இளக்காமல் கோலைத் தொடக்கூடாது என்பதே அந்த வரிசையின் பொருள்.

கொங்கு ஊர்களில் கோலைக் கையாண்டவர் நாவிதர். குடிமகன் என்று அழைக்கப்பட்ட அவர், முடி திருத்துவதோடு திருமணங்களில் மங்கல வாழ்த்துப் பாடும் உரிமையும் உடையவராக இருந்தார்; கட்டி கீறுதல் போன்ற சிறு அறுவைகளை அவரும், பிள்ளைப்பேறு பார்ப்பதை மருத்துவச்சி எனப்பட்ட அவர் வீட்டுப் பெண்களும் செய்து வந்தனர். அவருடைய அடைப்பத்தில், அதாவது கருவிப் பையில், சவரக்கத்தி, சாணைக்கல், நகம் வெட்டும் உளி ஆகியவற்றோடு குறும்பிவாங்கியும் இடம்பெற்றது. விரல் நீளமுள்ள மெல்லிய உலோகத் தண்டின் நுனியைச் சிறு கரண்டி போலக் குழித்து வளைத்தால் அதுவே அக்கருவி. எதிரில் அமர்ந்தவரின் தலையைச் சாய்த்து, வெயில் துளைக்குள் விழுமாறு திருப்பி, காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துத் துளையை நேராக்கிய பிறகே அவர் கருவியை உள்ளே விட்டார். 1841-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹோஃப்மன் நடுவில் துளையிட்ட கண்ணாடியைக் கொண்டு செவிக்குள் ஒளி பாய்ச்சியதும், 1855-க்குப் பின் டிரோல்ச் என்ற மருத்துவர் அதைப் பரப்பியதும் இதே தேவையை நிறைவுசெய்யத்தான். ஆனால் நாவிதரின் கருவி கொதிநீரில் இடப்படாமலேயே ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குச் சென்றதையும், அதனால் சீழும் புண்ணும் பரவ இடமிருந்ததையும் மறைப்பதற்கில்லை. இந்தப் பணிக்குத் தனிக் கூலி கிடையாது. அறுவடைக் காலத்தில் களத்தில் அளந்து கொடுக்கப்பட்ட தவசத்திலேயே அதுவும் அடங்கிவிட்டது.

எண்ணெய் வீட்டார் பொறுப்பில் இருந்தது. ஆண்கள் சனிக்கிழமையும் பெண்கள் வெள்ளிக்கிழமையும் தலை முழுகும்போது, இளஞ்சூடான எண்ணெயில் இரண்டு சொட்டு காதிலும் விடப்பட்டது. பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தால் தென்னந்தோப்புகள் பெருகுவதற்கு முன், மானாவாரி நிலத்தில் எள்ளும் நிலக்கடலையும் விளைந்த பொள்ளாச்சிப் பகுதியில் அது பெரும்பாலும் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய். கிணற்றில் குதித்து நீந்திய சிறுவர்களுக்குக் காது திடீரென அடைத்துக்கொண்டால், நீர் உள்ளே தங்கிவிட்டதாகவே வீட்டார் கருதினர். பல வேளைகளில் நீரை உறிஞ்சி ஊதிய குறும்பியே துளையை மூடியிருக்கும்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த ஏற்பாடு இரு முனைகளிலும் தளர்ந்தது. 1914-ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் மேலை மருத்துவம் பயின்றவர்களைப் பதிவேட்டில் தனிப்படுத்தியது. மருத்துவர் என்ற பெயர் நாவிதர் சமூகத்துக்கு அரசின் சாதிப் பட்டியலில் இன்றுவரை நீடித்தாலும், அந்தத் தொழில் அவர்கள் கையைவிட்டுப் போனது. 1915-இல் போத்தனூரிலிருந்து ரயில் வந்து சேர்ந்த பொள்ளாச்சி போன்ற சந்தை நகரங்களில் சலூன்கள் பெருக, களத்துத் தவசத்தின் இடத்தைக் காசு பிடித்தது. காசு முடிக்கும் சவரத்துக்கும் மட்டுமே கொடுக்கப்பட்டது. குறும்பிவாங்கி அடைப்பத்தை விட்டு மறைந்தபின், கோழி இறகும் கொண்டை ஊசியும் தீக்குச்சியுமாகக் கிடைத்ததைக் கொண்டு அவரவர் காதை அவரவரே குடைந்துகொண்டனர். 1923-இல் அமெரிக்காவில் லியோ கெர்ஸ்டன்சாங் குழந்தைகளுக்கென உருவாக்கிய பஞ்சு முனைக் குச்சி, பின்னர் பட்ஸ் என்ற பெயரில் இங்கும் வந்து, குறும்பியை வெளியே எடுப்பதற்கு மாறாக மேலும் உள்ளே தள்ளி இறுக்கியது.

மருத்துவமனையில் பீச்சாங்குழலால் வெந்நீர் பாய்ச்சிக் கழுவும் முறையும் கவனம் வேண்டுவதே. நீர் உடற்சூட்டைவிடக் குளிர்ந்தோ சூடாகவோ இருந்தால் தலை சுற்றுவதை நோயாளிகளிடம் கண்ட வியன்னா மருத்துவர் ராபர்ட் பாரானி, உட்செவியின் சமநிலை உறுப்பைப் பற்றிய தம் ஆய்வை அதிலிருந்தே வளர்த்தார். 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு அதற்காகவே கிடைத்தது.

2007-இல் தொடங்கப்பட்ட தேசியக் காதுகேளாமைத் தடுப்புத் திட்டத்தின் ஆவணங்கள், இந்தியாவில் சரிசெய்யக்கூடிய செவித்திறன் குறைவுக்குக் குறும்பியே முதன்மைக் காரணம் என்று கூறி, அதன் அளவை 15.9 விழுக்காடு எனக் காட்டுகின்றன. இன்று காது-மூக்கு-தொண்டை மருத்துவர் செவிப்பறையில் ஓட்டையோ சீழோ உண்டா என்று முதலில் பார்த்து, இல்லையெனில் சொட்டு மருந்தால் சில நாள் ஊறவைத்து, பிறகு ஒளியின் உதவியோடு எடுக்கிறார். வீட்டு எண்ணெயும் நாவிதரின் கோலும் சேர்ந்து செய்த பணியின் வரிசை இதில் மாறவில்லை. ஓட்டை உண்டா என்று பார்ப்பதும் கருவியைத் தூய்மை செய்வதும்தான் புதிதாகச் சேர்ந்தவை. நாவிதர் விலகியதற்கும் மருத்துவர் எட்டும் தூரத்துக்கு வந்ததற்கும் இடைப்பட்ட காலத்தில், துளைக்குள் பார்க்க முடியாத கையொன்று கருவியைப் பிடித்ததே காதுகளுக்கு நேர்ந்த கேட்டின் தொடக்கம். பட்ஸ் குச்சியின் வழியே அந்தக் காலம் இன்னும் முடியாமல் தொடர்கிறது.