ஓசூர் வட்டாரக் குடிவழியும் நிலப் பதிவேடுகளும்

இன்று ஆலைகள் நிறைந்த ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் முன்னோரைத் தேடுவோர், 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற பாராமகால் பகுதியில் கம்பெனி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நடத்திய நில அளவையிலிருந்து தொடங்குவதே பொருத்தம். ஏனெனில் இடைத்தரகரின்றி, நிலம் வைத்திருந்த குடியானவரிடமே நேரடியாக வரி பெறும் ரயத்துவாரி முறை அங்கு உருப்பெற்று, எளிய உழவரின் பெயரையும் அரசு ஏட்டில் ஏற்றியது. ஓசூர்ப் பகுதியோ 1799இல் மைசூர்ப் போர் முடிந்த பின்னரே கம்பெனிவசமானதால், அங்கு இத்தேடலின் தொடக்கம் சற்றுப் பிந்தியது.

எடுத்துக்காட்டாக, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்து, 1937இல் சென்னை மாகாண அமைச்சரவைக்குத் தலைமையேற்ற இராஜாஜியின் தந்தை, வரி வசூலையும் சிறு வழக்குகளையும் கவனித்த கிராம முன்சீப்பாக இருந்தமையால், ஊர் நிர்வாகமும் சட்டமன்றமும் அக்குடும்ப வரலாற்றில் அடுத்தடுத்த தலைமுறைகளில் இணைகின்றன. பிறர் நிலத்தில் உழைத்த கூலிக் குடும்பங்களின் பெயர்களோ பட்டாவில் ஏறவில்லை. வரலாற்றாய்வாளர் வருந்த வேண்டிய பெரும் இழப்பு இது.